காத்திவாக்கம் கரைவலையும் காட்டுப்பள்ளி கிரேனும்

போன மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வடசென்னைக்கு ஒருநாள் பயணம் போனேன். காரணம் என் வறட்டுப் பிடிவாதம். துறைமுகக் கிரேன் ஓட்டப் பழகுகிறவர்களுக்காக நாங்கள் செய்த சிமுலேட்டர் என்னும் பாவனை இயந்திரம் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பயிற்சி மையத்தில் இருக்கிறது. அதில் திரையில் படம் வரையும் நிரல் என்னுடையது. அங்கே பழகும் கலா, படம் துள்ளுகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லி இரண்டு தேர்வில் பாதியில் இறங்கிவிட்டாள். மூன்றாவதும் போனால் பயிற்சியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். நானோ, "பயிற்சி பெறுபவரின் உடல்நிலையைப் பரிசோதிக்கவும்" என்று மையத்துக்குக் கடிதம் எழுதியிருந்தேன். அந்த மூன்றாவது தேர்வு அன்று மாலை மூன்று மணிக்கு; கோளாறு நிரலில் இல்லை என்று நேரில் காட்டத்தான் கிளம்பினேன்.

ராயபுரத்தில் காலை 6.10 ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய், காத்திவாக்கம் வரை பன்னிரண்டு கிலோமீட்டர். கலாவின் வீடு அங்கேதான். அவள் ஸ்கூட்டரிலேயே மையத்துக்குப் போவதாக ஏற்பாடு. ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தாள், கையில் ஒரு எலுமிச்சம்பழம்.

"இன்னாத்துக்கு இது?" என்று அவள் பாஷையிலேயே கேட்டுவைத்தேன்.

"உன் படத்தைப் பாத்தா கொமட்டுதேக்கா. மோந்துக்கத்தான்."

எனக்குச் சுருக்கென்றது.

அவள் அண்ணன் கரைவலை இழுக்கிறார், பார்த்துவிட்டுப் போகலாம் என்று கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். கடலில் அரைவட்டமாக விட்ட வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் பக்கத்துக்குப் பத்துப் பேராக இழுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இந்தப் பக்கத்திலிருந்து இரண்டே பேர் கயிற்றை விட்டு அந்தப் பக்கம் ஓடினார்கள்.

"நீரோட்டம் அந்தாண்ட இழுக்குதுக்கா. ஒரு பக்கம் முந்திக்கினா வலை சாஞ்சி மீனு பூடும். ரெண்டும் ஒண்ணாத்தான் கரைக்கு வர்ணும்."

"அப்போ நாலைந்து பேர் போகலாமே?"

"அத்தினி பேரும் ஓடுனா இந்தாண்ட சாஞ்சிக்கும். ரெண்டு பேரு போவான், பாப்பான், பத்தலன்னா இன்னொருத்தன் போவான்."

எனக்கு மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. திரையை நான்கு சம பட்டைகளாக வெட்டி, படத்தைக் கணக்கிட்டு வரையும் நான்கு கிராஃபிக்ஸ் கார்டுக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். நியாயம் என்று பெருமை வேறு. மேல் பட்டையில் வெறும் வானம். கீழ்ப் பட்டையில் கப்பல் நிறையக் கன்டெய்னர்கள். நான்கும் முடிந்தால்தான் படம் திரைக்கு வரும்; ஒன்று பிந்தினாலும் துள்ளும்.

ஸ்கூட்டரில் பதினேழு கிலோமீட்டர், டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஐம்பது நிமிடம். ஹெல்மெட்டோடு முகத்துக்குத் துணியும் கட்டிக்கொள்ளுங்கள், தூசி அப்படி.

மையத்தில் ஒவ்வொரு கார்டும் எடுக்கும் நேரத்தை அளந்தேன். வானத்துக்காரருக்கு நான்கு மில்லிசெகண்ட், கன்டெய்னர்காரருக்கு முப்பத்தொன்று. ஒருத்தர் முதுகு ஒடிய, மற்ற மூவரும் சும்மா காத்துக்கிடந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் யார் தாமதம் என்று பார்த்து, பட்டைகளின் எல்லையை நகர்த்தும்படி நிரலை மாற்றினேன். அவசரத்தில் சுமை முழுவதையும் ஒரே தடவையில் தள்ளிவிட்டேன். பாரம் அங்குமிங்கும் ஊசலாடி, படம் முன்னைவிட மோசமாகத் துள்ளியது. கலா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "அத்தினி பேரையும் ஓட வுட்டுட்டியா?" என்றாள். அதேதான்!

எல்லை ஒரு தடவைக்குக் கொஞ்சம் மட்டுமே நகரட்டும் என்று திருத்தினேன். மணி 2.20. நான்கு கார்டும் பதின்மூன்று மில்லிசெகண்டை ஒட்டி வந்து நின்றன. படம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. எழுந்து ஒரு ஆட்டம் போட்டேன், வெட்கமே இல்லாமல்.

மூன்று மணிக்குக் கலா இயந்திரத்தில் ஏறினாள். இருபது பெட்டிகளையும் கப்பலிலிருந்து எடுத்து, ஆட்டமில்லாமல் டிரெய்லரில் உட்கார வைத்தாள். கடைசிப் பெட்டி இறங்கியதும் தேர்வாளரே கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இறங்கி வந்தவள் கேட்டாள்: "இப்ப சொல்லு, கோளாறு யார் வவுத்துல?"

"என் நிரலில்" என்றேன். அன்றிரவே அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கி, கோளாறு என் நிரலில்தான் என்று எழுதியும் அனுப்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: கரைவலை பார்க்கக் காலை ஏழுக்குள் காத்திவாக்கத்தில் இருங்கள், செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கயிற்றுக்குக் குறுக்கே நிற்காதீர்கள். பயிற்சி மையத்துக்கு முன் அனுமதி வேண்டும். எலுமிச்சம்பழம் இனி வேண்டாம். கலாவுடையதை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து ஜூஸ் போட்டுக் குடித்துவிட்டேன்.