ஜன்னல் பச்சையில் ஒரு குதிரை

சிரம்பான் கடைத்தெருச் சுவரில் நகராண்மைக் கழகம் வரைந்துவைத்த, ரப்பர் பால்மரம் சீவும் பெண்ணுக்கு மூக்கு உரிந்து இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. கேட்டால், கோப்பு மேலே போயிருக்கிறதாம். எனக்கும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. இன்று பக்கத்துக் கடைக்காரர் தன் கதவுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை பட்டதும் எங்கள் பழைய ரப்பர் தோட்டத்து முனியாண்டி கோயில் குதிரை கண்முன் வந்து நின்றது.

துரை பங்களா ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய சாயம்தான் எங்களுக்குக் கிடைக்கும் என்பதால் அதற்கு எப்போதும் பச்சை உடம்பு, மரத்துக்கு நம்பர் போடும் வெள்ளையில் நாலு கால். காதோரம் லேசாக உரிந்தால் போதும், குழாயடியில் அம்மா ஆரம்பித்துவிடுவார்: "குதிரை உரியுதுலா, யாருக்கும் கண்ணு தெரியலையா?" ஞாயிற்றுக்கிழமைக்குள் லயத்து ஆட்கள் தேங்காய் நாரும் சாய டப்பாவுமாக வந்து தேய்த்து, பூசி, வாலுக்குப் பூசுவது யார் என்று பிள்ளைகள் நாங்கள் அடித்துக்கொண்டு, மத்தியானச் சோற்றிலும் அந்த வாடைதான்.

செண்டாயான் புதுநகர வீடுகளுக்காகத் தோட்டத்தை அழித்தபோது சாமியைத் தூக்கிக்கொண்டோம். சிமெண்டுக் குதிரையை அசைக்க முடியவில்லை. கடைசிக் காலையிலும் அம்மா அதற்கு ஒரு பூச்சு பூசிவிட்டுத்தான் லாரி ஏறினார். திரும்பிப் பார்த்தேன். புல்டோசரின் வாயில் அந்தப் பச்சை ஈரமாக ஒட்டியிருந்தது.