நனையாத வீடு

மெழுகுவர்த்திச் சுடரில் பிளாஸ்டிக் உறையின் வாயை உருக்கி ஒட்டிக்கொண்டிருந்த சித்தப்பாவின் விரல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வெளியே தூறல் நிற்காமல் விழுந்துகொண்டிருந்தது. என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், வேலை உத்தரவு என்று ஒவ்வொன்றாக உறையில் போட்டு, காற்றைக் கையால் தடவி வெளியேற்றி, விளிம்பைச் சுடரில் காட்டி அழுத்துவார். உருகிய பிளாஸ்டிக் விரலைச் சுட்டாலும் உதறமாட்டார். "வூடு போனா கட்டிக்கலாம்மா. பேப்பர் போச்சினா எந்த ஆபீஸ்ல போய் நிப்ப?" என்றார். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், விடிவதற்குள் தென்பெண்ணையில் தண்ணீர் வந்துவிடும் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஊர் குருவிநத்தத்தில் எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போய் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, சித்தப்பா என் சான்றிதழ்களை ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எனக்கு யார் என்று சொல்லிவிட வேண்டும். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போனார். இரண்டு வருடம் கழித்து அம்மாவும் போனாள். அதற்குப் பிறகு என்னை வளர்த்துப் படிக்கவைத்து ஊர்ப் பள்ளியிலேயே டீச்சராக நிற்கவைத்தவர் அப்பாவின் தம்பியான இந்தச் சித்தப்பாதான். பிள்ளை இல்லாத அவரும் சித்தியும் ஒருநாளும் என்னை அண்ணன் மகள் என்று பிரித்துப் பேசியதில்லை. அரசாங்கப் பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஓவர்சியர் என்றுதான் கூப்பிடும். தண்ணீர் எந்தப் பக்கம் சாயும், எங்கே தேங்கும், எந்தச் சுவரை அரிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அன்று அவர் செய்த ஏற்பாடுகளை இன்றும் குறை சொல்ல முடியாது. பிரிட்ஜைத் தூக்கி இரண்டு பெஞ்சு மேல் வைத்தார். சிலிண்டரை மூடி, மிதந்து போகாமல் ஜன்னல் கம்பியோடு கட்டினார். மோட்டாரைக் கழற்றி மாடிக்கு ஏற்றினார். நெல் மூட்டைகள் பரணுக்குப் போயின. கழிவறைக் குழி நிரம்பினால் அசிங்கம் கோப்பை வழியாகத்தான் மேலே வரும் என்று துணி சுற்றிய மணல் பையை அதில் திணித்தார். இரண்டு நாளைக்குக் குடிக்கத் தண்ணீர், மாத்திரை, டார்ச் எல்லாம் மாடியில் தயார். இப்போதும் மழைக்காலம் வந்தால் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இவற்றைத்தான் சொல்லித்தருகிறேன். சொல்லும்போது வாய் கசக்கிறது.

எங்கள் வீட்டுக்கு மேற்கே, பள்ளத்தில், பால்கார அக்காவின் வீடு. அக்கா, அவள் வீட்டுக்காரர், நான்கு மாடுகள். முன்பெல்லாம் அந்தப் பள்ளத்தில் விழுகிற மழைத்தண்ணீர் எங்கள் தோட்டத்து ஓரமாக ஓடிய கால்வாய் வழியாகக் கிழக்கே வயலுக்கு வடிந்துவிடும். சித்தப்பா ஓய்வு பெற்ற வருடம் லாரி லாரியாகக் கிராவல் மண் அடித்துத் தோட்டத்தை இடுப்பளவுக்கு உயர்த்தினார். கால்வாய் அதற்கடியில் போய்விட்டது. சுற்றிலும் சுவர் எழுப்பினார். அக்கா வந்து கேட்டபோது, "பட்டாவுல கால்வாய் இல்லியே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனாலும் அவள் தினமும் பால் கொண்டுவர வசதியாக மேற்குச் சுவரில் ஒரு இரும்பு கேட் மட்டும் வைத்தார், நான்கு படியோடு. அதை ஊரில் பெருந்தன்மை என்றுதான் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அந்த கேட்டில் உள்பக்கமாகத் தகரம் வைத்து, கம்பியால் கட்டி, பின்னால் மண் மூட்டைகளை அடுக்கினார். சாக்கின் வாயை விரித்துப் பிடித்தது நான்தான். "அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லிடலாமா சித்தப்பா?" என்று கேட்டேன். "சொன்னா மாட்ட ஓட்டினு நேரா இங்கதான் வருவா" என்றார். நான் அடுத்த சாக்கை விரித்தேன்.

விடிந்தபோது தெருவில் தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடியது. எங்கள் தோட்டம் தண்ணீர் ஏறாத திட்டாக நின்றது. மேற்கே அக்காவின் பள்ளத்தில் செம்மண் குழம்பாய்த் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. வெளியேற வழியில்லாமல் எங்கள் சுவரில் மோதிச் சுழன்றது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்தாள். தெருப்பக்கம் ஓட்டினால் இழுப்பு அடித்துக்கொண்டு போய்விடும். மாடுகளுக்குத் தெரிந்த மேடு ஒன்றுதான். தினமும் அவளோடு வந்து நிற்கிற அந்த கேட். நான்கும் அங்கே வந்து நெருக்கியடித்துத் தகரத்தை முட்டின.

"ஓவர்சியரே! கேட்ட தொறங்க! மாடு ஏறிக்கும்!"

சித்தப்பா பின்வாசலில் குடையோடு நின்றார். "இப்ப தொறந்தா மூட்ட சரிஞ்சிடும்மா. மொத்த தண்ணியும் உள்ள வந்துடும்."

"உங்க வூடு எம்மாம் ஒசரத்துல இருக்குது! தோட்டத்துல தான நிக்கும்? செனமாடு ஓவர்சியரே! டீச்சர், நீயாவது சொல்லும்மா!"

சொன்னேன். சொன்னேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. "சித்தப்பா, மாடாச்சும்..." என்று இழுத்தேன்; அவ்வளவுதான். "மாடு நீந்தும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "உன்னால பாக்க முடியாதும்மா. உள்ள போயி கதவ சாத்திக்க" என்றார். நான் உள்ளே போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன். யாரும் அதைப் போடச் சொல்லவில்லை. தகரத்தில் கொம்பு மோதுகிற சத்தம் கதவு வழியாகவும் கேட்டது. மாடு கத்துவது அதுவரை எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டிருக்கிறது. நான்கின் குரலும் வேறு வேறு என்று அன்று தெரிந்தது. சித்தி உப்புமா கிண்டி தட்டில் வைத்தாள். முந்திரி போடக்கூட மறக்கவில்லை. நான் அதைத் தின்றேன். இத்தனை வருடமாகியும் அந்த உப்புமாவின் நெய் வாசனை என் மூக்கை விட்டுப் போகவில்லை.

பத்து மணி வாக்கில் கடலோரக் கிராமமான பனித்திட்டிலிருந்து மீனவர்கள் பைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கடல் ஒருமுறை அவர்கள் வீடுகளுக்குள் வந்துபோனது. அதனால்தானோ என்னவோ, யாரும் கூப்பிடாமலே வந்தார்கள். மாட்டுக்கொட்டகைக் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்த அக்காவையும் அவள் வீட்டுக்காரரையும் இறக்கிப் படகில் ஏற்றினார்கள். இரண்டு மாடுகளைக் கயிறு போட்டுப் பிடித்து நீந்தவைத்துப் பள்ளிக்கூட மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற இரண்டும் அதற்குள் அடங்கிவிட்டன. அதில் ஒன்று அந்தச் சினைமாடு. படகிலிருந்த வயதான மீனவர் எங்கள் கேட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். சுவருக்கு மேலாகச் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"இன்னாங்க இது, தகரம் அடிச்சிருக்குது?"

"பழைய கேட்டுங்க. துருப்புடிச்சி தொறக்கறதில்ல. ரொம்ப நாளா அப்படியேதான் இருக்குது" என்றார் சித்தப்பா. தடுமாறாமல் சொன்னார். முந்தின நாள் காலைவரை அந்த கேட் வழியாகத்தான் எங்களுக்குப் பால் வந்தது. நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். பெரியவர் என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் வடிய மூன்று நாளாயிற்று. வடிந்த பிறகு அந்தப் பள்ளத்தில் கிடந்ததை விவரிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், நாங்கள் அதிலிருந்து எப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டோம் என்பது அப்போதுதான் புரியும். கழிவறைக் குழிகள் உடைந்து கலந்த கறுப்புச் சேறு. அதில் அழுகிய வைக்கோல், அக்காவின் சமையல் பாத்திரங்கள். கேட்டை ஒட்டி, வயிறு ஊதி, கால் விறைத்துக் கிடந்த இரண்டு மாடுகள். ஈ மொய்த்தது. சித்தப்பா மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சுவரின் எங்கள் பக்கத்தில் மட்டும் பிளீச்சிங் பவுடர் தூவினார். "நாத்தம் உள்ள வருது பாரு, ஜன்னல சாத்து" என்றார். பிறகு வீடு முழுக்க நடந்து பார்த்துவிட்டு, சித்தியிடம், "ஒரு சுவத்துல ஈரம் இல்ல, பாத்தியா?" என்று சிரித்தார். பரணிலிருந்து என் உறைகளை இறக்கிப் பிரித்துக் கொடுத்தார். தாள்கள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

அக்கா அதற்குப் பிறகு எங்களுக்குப் பால் கொண்டுவரவில்லை. நாங்கள் பாக்கெட் பாலுக்கு மாறினோம்.

அடுத்த வருடம் மழைக்கு முன்னால், வெளியூரிலிருந்து வந்த தொண்டு செய்பவர்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். வெள்ளத்திலிருந்து வீட்டையும் பொருளையும் காப்பது எப்படி என்று பேச வேண்டும். ஊரில் ஒரு பொருளும் கெடாமல் காப்பாற்றியவர் ஓவர்சியர்தானே என்று சித்தப்பாவைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு, சால்வை போர்த்தினார்கள். அவர் அழகாகப் பேசினார். பிரிட்ஜ், சிலிண்டர், உறை, மணல் பை எல்லாம் வரிசையாக வந்தன. ஆட்கள் தலையாட்டினார்கள். கடைசியாக, "முக்கியமா ஆடு மாட்ட கட்டிப்போட்டு வெக்காதீங்க. அவுத்து வுட்டா அதுங்களே மேட்ட தேடிப் போயிடும்" என்றார்.

பின்வரிசையில் அக்கா எழுந்தாள். கத்தவில்லை.

"அவுத்துதான் வுட்டன் ஓவர்சியரே. மேட்டுக்குதான் வந்துச்சிங்க. தகரத்த தாண்டத் தெரியல அதுங்களுக்கு."

கூட்டம் நடத்தியவர் ஒன்றும் புரியாமல், இயற்கைச் சீற்றத்தில் இப்படியெல்லாம் நடப்பது வருத்தம்தான் என்று சமாளித்தார். சித்தப்பா, "அது துருப்புடிச்ச கேட்டும்மா" என்று ஆரம்பித்தார். மறுபடியும் அதே பொய்யை, அதே நிதானத்தோடு, சால்வையைச் சரிசெய்துகொண்டே சொல்ல ஆரம்பித்தபோது நான் எழுந்தேன். எழுந்ததும் பேச்சு வந்தது. கேட் நல்ல கேட்தான், முந்தின நாள் சாயங்காலம் தகரம் வைத்துக் கட்டி மூட்டை அடுக்கினோம், சாக்கைப் பிடித்தது நான், அக்காவிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, மாடுகள் முட்டும்போது நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் பிள்ளைகள் உட்காருகிற பெஞ்சுகளில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து என்னைப் பார்த்தார்கள். சித்தப்பாவின் முகத்தில் கோபமே இல்லை. நிஜமாகவே விளங்காதவர் மாதிரி, "உனக்காகவுந்தானம்மா செஞ்சன்" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பேசத் தெரியுது டீச்சர் உனக்கு. அன்னிக்கு மாடு கத்தினப்பதான் தெரியல."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சரியாகத்தான் சொன்னாள். உண்மையைச் சொன்னால் சுத்தமாகிவிடுவோம் என்று எனக்குள் ஒரு அற்ப ஆசை இருந்திருக்கிறது. அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

அந்த மாதமே பக்கத்திலிருக்கிற பாகூரில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு கிளம்பினேன். சித்தி அழுதாள். சித்தப்பா என் பெட்டியைத் தானே பஸ் நிறுத்தம்வரை தூக்கிவந்தார். ஊரில் அவருக்கு மரியாதை ஒன்றும் குறையவில்லை. நான்கு நாள் பேசினார்கள், பிறகு இரண்டு பேர் அவரிடமே ஆலோசனை கேட்டுத் தங்கள் மனையை உயர்த்திக்கொண்டார்கள். அந்தத் தண்ணீர் இப்போது யார் வீட்டில் நிற்கிறதோ.

இந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரும் என்று அறிவித்த மதியம், நான் பள்ளிக்கூடச் சாவியை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். கூப்பிடாமல்தான் போனேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொட்டகையிலிருந்து மூன்று மாடுகளை அவிழ்த்தாள். ஒன்றின் கயிற்றை என் பக்கம் எறிந்துவிட்டு முன்னால் நடந்தாள். மழையில் தெரு முழுக்கச் சேறு. மாட்டின் மூச்சு என் முழங்கையில் சூடாகப் பட்டது. பள்ளிக்கூட மேட்டில் ஏறும்போது போன் அடித்தது. சித்தப்பா.

"எங்கம்மா இருக்க? மழ வலுக்குது பாரு. அந்த வாடக வூட்ட நம்பாத. நம்ம வூட்டுக்கு வந்துடு. இங்க ஒரு சொட்டு தண்ணி வராது."

அந்தக் குரலில் இருந்தது கலப்படமில்லாத பாசம். எனக்குக் குமட்டியது அதனால்தான். போனை அணைத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, அக்காவுக்குப் பின்னால் மாட்டை மேட்டில் ஏற்றினேன்.