பெண்புலி எப்போது சாப்பிடும்?

அந்தப் பள்ளிக்குப் போய்க் கதை டீச்சர் என்று கேட்டால் போதும். வாட்ச்மேன் யார், எவர் என்று விசாரிக்காமல் ஒன்றாம் வகுப்பைக் கை காட்டிவிடுவார். கூட்டலோ கழித்தலோ, எழுத்தோ ஒலியோ, எதுவானாலும் ஒரு கதைக்குள் போட்டுப் பிசைந்துதான் அவள் பிள்ளைகளுக்கு ஊட்டுவாள். நெடில் எழுத்துகளை ஓர் ஆட்டின் வாயில் வைத்துவிடுவாள். அந்த ஆட்டோடு சேர்ந்து பிள்ளைகளும் தொண்டை கிழியக் கத்தி, நெடில் என்றால் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொள்வார்கள். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் கதவை அடித்துச் சாத்துவாள். அதுவும் பழகிப்போன சத்தம்தான்.

ஆனால் இப்போதெல்லாம் அவளுக்கு அலுப்பாக இருந்தது. "ஒரு ஊர்ல" என்று வாயைத் திறந்தால் கூடவே கொட்டாவியும் வந்தது. காலையில் எழுந்து சமைத்து, பாத்திரம் கழுவி, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நாள் முழுக்கக் கத்திவிட்டுத் திரும்பிப் போனால் அங்கேயும் அடுப்பு அவளுக்காகத்தான் காத்திருக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வீட்டுக்காரர் கெட்டவரில்லை. குரலை உயர்த்திப் பேசாத மனுஷன். சோபாவை விட்டு எழுந்திருக்கமாட்டார், அவ்வளவுதான். மகனோ காதில் எதையாவது மாட்டிக்கொண்டு அறைக்குள் கிடப்பான்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது ஆட்டுக் கதை. மழைக்கு ஒதுங்க இடம் தேடிய ஓர் ஆடு, தெரியாமல் புலிக் குகைக்குள் போய்விடுகிறது. பயத்தில் அது போடுகிற கூப்பாட்டைக் கேட்டு, ஏதோ பெரிய மிருகம் வந்துவிட்டதென்று புலிகள் தலைதெறிக்க ஓடுகின்றன. எந்தக் காலத்துக் கதையோ, யார் கட்டிய கதையோ. அவளும் யாரோ சொல்லிக் கேட்டதுதான்.

அந்தக் கதையால்தான் வம்பு வந்தது. ஒரு நாள் ஹெட்மிஸ்ட்ரஸ் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அங்கே சுவரோரமாக அட்டைப்பெட்டி பிரிக்காத பெரிய டிவி ஒன்று சாய்ந்திருந்தது.

"ஒரு அப்பா வந்து கத்திட்டுப் போனாரு டீச்சர். சாயங்காலம் சோபாவுல சாஞ்சு டிவி பார்த்துட்டு இருந்தாராம். பொண்ணு வந்து இடுப்புல கை வெச்சுக்கிட்டு, 'அப்பா, நீ ஆண்புலியா?'ன்னு கேட்டுச்சாம்."

"ஆண்புலியா?"

"அவருக்கு ஒண்ணும் புரியல. ஆனா அவரு சம்சாரம் விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். அதைத்தான் அவரால தாங்க முடியல. அப்படி என்ன கதை சொல்றீங்க?"

"ஆட்டுக் கதைதான் மேடம். புலி சும்மா ஓரமா வந்துட்டுப் போகும்."

"வெள்ளிக்கிழமை நானே வந்து உக்காந்து பாக்கறேன். சரியில்லைன்னா கதை நேரத்துக்கு இந்த டிவியை மாட்டிடலாம். பதிவு பண்ணின கதை எல்லாம் இதுல இருக்காம். நீங்க பட்டனை அமுக்கினா போதும். உங்க தொண்டைக்கும் நல்லது."

தொண்டைக்கு நல்லதுதான். அதுதான் அவளை இன்னும் சுட்டது. போகட்டும், விட்டது தொல்லை என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் ஒரு பிள்ளை குறுக்கே கை தூக்கி "ஏன்?" என்று கேட்டால் டிவி நிற்குமா? அது பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும். கதை நேரத்தையும் கொடுத்துவிட்டால் அந்த வேலையில் தனக்கென்று என்னதான் மிச்சம் என்று யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. விடிந்து எழுந்து வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. டீ போட, சமைக்க, டப்பா கட்ட, எதற்கும் அவள் குரல் தேவைப்படவில்லை.

வகுப்பில் ஹெட்மிஸ்ட்ரஸ் கடைசி வரிசையில், பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதை டீச்சர் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். அப்பாவை ஆண்புலியா என்று கேட்டுவிட்டு வந்த அந்த வாயாடிப் பெண் எழுந்து நின்றாள்.

"டீச்சருக்குத் தொண்டை கட்டிடுச்சு மேடம். நாங்களே சொல்றோம்!"

மழையையும் ஆட்டையும் பிள்ளைகள் ஒப்புக்குச் சொல்லி ஓட்டிவிட்டார்கள். குகை வந்ததும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"பெண்புலி வேட்டைக்குப் போயிருந்துச்சு. அதுக்கு முழங்கால் வலி!"

"மாடிப்படி ஏறி ஏறி வந்த வலி!"

"ஆண்புலி சாஞ்சு உக்காந்துட்டு இருந்துச்சு. ஆடு உள்ள வந்ததுகூட அதுக்குத் தெரியல!"

"குட்டிப்புலி காதுல எதையோ மாட்டிக்கிட்டுச்சு. கூப்பிட்டாலும் கேக்காது!"

"பெண்புலி மூச்சு வாங்க வந்து நின்னுச்சு. உடனே ஆண்புலி என்ன கேட்டுச்சு?" என்று வாயாடி கையை ஆட்டினாள். மொத்த வகுப்பும் அலுத்துப்போன ஆம்பிளைக் குரலில் இழுத்தது: "வந்துட்டியா? சாப்பிட என்ன இருக்கு?"

கதை டீச்சருக்கு உடம்பெல்லாம் கூசியது. அது அப்படியே அவள் வீட்டுக்காரர் குரல். வார்த்தைகூட மாறவில்லை. கதையில் உள்ளது ஒரே வரிதான், பெண்புலி இரை தேடிப் போயிருந்தது என்று. அந்த ஒரு வரி எப்போது இப்படி வீங்கியது? அலுத்த வாய் தன் பாட்டுக்குச் சொல்ல, அவள் வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் குடியேறியிருக்கிறது. அதையும் பிள்ளைகள் பாடமாகப் படித்திருக்கிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

பிள்ளைகளின் கதையில் பெண்புலி கொண்டுவந்த இரையை எல்லாருக்கும் பங்கு வைத்தது. ஆடு ஆ, ஈ, ஊ என்று நெடில் பிசகாமல் கத்தியது. புலிகள் ஓடின. கதை முடிந்தது என்று எல்லாரும் கை தட்டும்போது, சளி பிடித்த மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பையன் எழுந்தான்.

"எல்லாருக்கும் குடுத்துச்சே, பெண்புலி எப்ப சாப்பிட்டுச்சு?"

வாயாடிக்கும் தெரியவில்லை. எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. பின்னால் ஹெட்மிஸ்ட்ரஸ் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாள்: "நெடில் எல்லாம் சுத்தமா சொல்றாங்க. அந்த அப்பாவை நான் சமாளிச்சுக்கறேன். கதை நேரம் உங்ககிட்டயே இருக்கட்டும்." போனவள் திரும்பி வந்தாள். "அந்தப் பையன் கேட்டான் பாருங்க, அதுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லிடுங்க. எனக்கும் தெரியணும்."

மாலையில் வீட்டுக்கு வந்து, கதவோரம் செருப்பு மாட்டுவதற்காகப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் உட்காரலாம் என்றுதான் நினைத்தாள். பையை மடியில் வைத்தபடியே தூங்கிப்போனாள். "வந்துட்டியா?" என்ற குரல் எங்கோ கேட்டது. பதில் சொல்லக் குரலும் இல்லை, எழுந்துபோகக் காலும் இல்லை.

கருகல் நாற்றத்தில் விழித்தாள். பசி பொறுக்காமல் வீட்டுக்காரரே அடுப்பைப் பற்றவைத்திருந்தார். முட்டை பொரித்ததில் பாதி கரியாகியிருந்தது. தான் தின்றது போக மீதியை ஒரு தட்டில் போட்டு, ரொட்டியோடு கொண்டுவந்து நீட்டினார். அவள் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"தொண்டை கட்டிடுச்சா? சொல்லவே இல்லையே நீ!" என்றார் மனுஷன்.

சிரிக்கக்கூடச் சத்தம் வரவில்லை அவளுக்கு. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியை விட்டு எழாமல் சாப்பிட்டாள். மறுநாள் அவர் மறுபடி சோபாவில்தான் இருந்தார். ஒரு தட்டு முட்டைக்கு உலகம் தலைகீழாக மாறிவிடுமா என்ன.

திங்கட்கிழமை குரல் பாதிதான் திரும்பியிருந்தது. மூக்குச்சளிப் பையன் மறக்கவில்லை. பை வைப்பதற்குள் எழுந்து நின்றான்.

"டீச்சர், பெண்புலி சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சுடா."

"என்ன சாப்பிட்டுச்சு?"

"கருகின முட்டை."

பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அவன் விடவில்லை.

"நல்லா இருந்துச்சா?"

டீச்சர் பையை மேசைமேல் வைத்தாள். "சூடா இருந்துச்சு," என்றாள்.