தாரிகாவுக்கு ஒரு கொசுவம்

இஸ்திரிப் பெட்டியைக் கொசுவத்தின் மேல் அழுத்திக்கொண்டே, தொலைக்காட்சியில் அழும் சிறுமியின் மூக்கைப் பார்க்கிறாள் எழிலரசி. கண்ணைப் பார்ப்பதே இல்லை.

"கிளிசரின் அழுகை ஆக்னஸ்க்கா. கண்ணுல தண்ணி கொட்டுது, மூக்கு காஞ்சிகினு கீது பாரு."

"ஊரே அழுவுது, நீ ஒர்த்திதான் மூக்கை நோட்டம் பாத்துகினு கீற," என்பாள் எதிர்வீட்டு ஆக்னஸ், முந்தானையில் கண்ணைத் துடைத்தபடி.

பட்டாபிராமில், ரயில் போனால் ஜன்னல் அதிரும் மாடி வீடு. கல்யாணப் பெண்களின் பட்டுப் புடவைகளுக்கு முன்கூட்டியே கொசுவம் மடித்து, இஸ்திரி போட்டு, ஊக்குக் குத்தி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுப்பது அவள் தொழில். உயரமும் இடுப்பளவும் சொன்னால் போதும், ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. வாயில் எப்போதும் இரண்டு மூன்று ஊக்கு இருக்கும். அதோடேயே வம்பும் பேசுவாள்.

எட்டு வயதில் அவள்தான் சிட்டு. மாலைத் தொடரில் சித்தி சூடு வைக்க வரும்போது அவள் அழுத அழுகைக்கு, ஆவடி மார்க்கெட்டில் பெண்கள் அவளை நிறுத்தி, கையைத் திருப்பித் திருப்பித் தழும்பு தேடினார்கள். பிறகு கதையில் சிட்டு பெரியவளாகும் நாள் வந்தது. ஊஞ்சலில் ஆடச் சொன்னார்கள். மேலே போனது எழிலரசி. கீழே வந்து இறங்கியது, பெரிய சிட்டுவாக நடிக்க வந்த தாரிகா. ஓரமாகப் புளிசாத டப்பாவோடு நின்று பார்த்த குழந்தைக்கு, வளர்ந்ததும் நாம் இப்படித்தான் இருப்போம் போல என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்படி ஆகவில்லை. தாரிகா சினிமாவுக்குப் போனாள். எழிலரசிக்கு வளர வளர வாய்ப்பு குறைந்தது.

இன்றைக்கும் தாரிகா திரையில் வந்தால் இவள் வாய் சும்மா இராது. "நடையைப் பாரு, வாத்து தோத்துச்சு!" "அத்தனையும் கட்டின பல்லுக்கா!" சொல்லிவிட்டுச் சேனலை மாற்றுவாள். கொஞ்ச நேரத்தில் அவளே திருப்பி வைப்பாள்.

போன வாரம் கரையான்சாவடியில் திறக்கவிருந்த ஒரு புடவைக் கடையின் மேலாளர் பரந்தாமன், மயில்கழுத்துப் பட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். திறப்பு விழாவுக்கு வரும் தாரிகா உடுத்துவதற்கு. இடுப்பளவைச் சொன்னபோது எழிலரசி "ம்க்கும்" என்றாள். உயரம் இவளைவிட நாலு விரல் கூடுதல்.

விழாவுக்கு முந்தின நாள் மடித்தாள். தன் உயரத்துக்கு. தெரிந்தேதான். கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். என் வாழ்க்கையையே உடுத்திக்கொண்டு திரிகிறவள், அவள் புடவையை ஒரு நாழிகை நான் உடுத்தினால் குறைந்தா போய்விடுவாள்?

அழைப்பு மணி அடித்தது. கதவை ஒரு சாண் திறந்து முகத்தை மட்டும் நீட்டினாள். பரந்தாமன்.

"ஆச்சாம்மா?"

"ஒரு பத்து நிமிசம்ணே."

"மெதுவா முடி. இன்னா பொண்ணும்மா அது! சின்னப் புள்ளையில சீரியல்ல அழுவும் பாரு, எங்க ஊட்டுல சோறு எறங்காது. அப்பவே தெரியும், எம்மாம் பெரிய ஆளா வரும்னு."

எழிலரசி கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் புள்ள நான்தாண்ணே."

பரந்தாமன் மனம் விட்டுச் சிரித்தார். "கரீட்டா சொன்னம்மா! எங்க ஊட்டம்மாவும் இதையேதான் சொல்லும். அது அழுதா நானே அழுவுற மாதிரி கீதுன்னு."

கதவைச் சாத்தினாள். புடவையை அவிழ்த்து மேசையில் போட்டாள். இப்படியே பெட்டியில் வைத்துக் கொடுத்துவிடலாம். நாளைக்கு அத்தனை கேமரா முன்னால் தாரிகாவின் கணுக்கால் தெரியும். நினைக்க நினைக்க இனித்தது. இஸ்திரிப் பெட்டி சூடேறும்வரை அந்த இனிப்போடு நின்றாள்.

பிறகு ஊக்குகளைப் பிடுங்கினாள்.

"கணுக்கால் தெரிஞ்சா அவளையா திட்டுவானுங்க? மடிச்சவளைத்தான் திட்டுவானுங்க," என்று முணுமுணுத்தபடி மடிப்பை நாலு விரல் இறக்கினாள். கொசுவத்தை ஒவ்வொன்றாய் நீவி, கத்தி முனைபோல் தேய்த்தாள். அப்படி ஒரு மடிப்பை அவள் எந்தக் கல்யாணப் பெண்ணுக்கும் மடித்ததில்லை.

கதவைத் திறந்து அட்டைப் பெட்டியை நீட்டினாள். பரந்தாமன் பிடித்தார். பெட்டி வரவில்லை.

"உடும்மா, கீழ வண்டி நின்னுகினு கீது," என்று சிரித்துக்கொண்டே இன்னொரு முறை இழுத்தார்.

மூடியின் மேல் எழிலரசியின் இரண்டு கட்டைவிரல்களும் வெளுத்துப்போய் அழுந்தியிருந்தன.