பல்பருக்குள் இருந்த ஒரு ரூபாய்

காலையில் ஒண்டிக்கடைக்குப் பால் வாங்கப் போனால் போதும், யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டிவிடுவார். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய நாணயம் சேர்க்கும் கிறுக்கு ஒன்று எனக்கு உண்டு. அது ஊருக்குத் தெரிந்தும் பல காலம் யாரும் என்னைச் சீண்டியதில்லை. செல்போனில் எவனோ ஒருவன், இந்தக் காசு உங்களிடம் இருந்தால் நீங்கள் லட்சாதிபதி என்று கூவ ஆரம்பித்த பிறகுதான் என் நிம்மதி போனது.

ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நாணயச் சாலையில் அச்சடிக்கும்போதே பிசகிப் போன காசுக்குத்தான் மதிப்பு. வெளியே வந்த பிறகு அடிபட்டது, தேய்ந்தது, ஆசிட்டில் ஊறியது, ரயில் ஏறி நசுங்கியது எல்லாம் வெறும் காயம்பட்ட காசு. கரடியூர்க்காரர் ஒருவர் நடுவில் துளை விழுந்த காசைக் கொண்டுவந்தார். மகளின் இடுப்புக் கயிற்றில் கோர்ப்பதற்காக அவரே ஆணி வைத்து அடித்த துளை அது. அதையும் அவரே சொல்லிவிட்டு, “இருந்தாலும் ஒருக்கா பாத்துச் சொல்லுங்க” என்றார். என்னத்தைப் பார்ப்பது? இல்லை என்று சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் தொங்கிப் போகும். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்தே, பூதக்கண்ணாடியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடலாம் என்று தோன்றும்.

அப்படி அலுப்பாக இருந்த ஒரு சாயங்காலம்தான் வெள்ளக்கடை கிராமத்திலிருந்து அந்த அம்மா வந்தார். அவருடைய வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். கொஞ்சம் காப்பித் தோட்டம், பழத்தைத் தோலுரிக்கச் சொந்தமாக ஒரு கைப் பல்பர், இரண்டு மகன்கள் என்று இருந்த மனிதர். அவர் இறந்து வருடம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க ரைட்டரே, நாளைக்கு என்ற பெரியவன் ஒரு காச எடுத்துக்கிட்டு வருவானுங்க. அது ஒண்ணுத்துக்கும் ஆகாதுன்னு சொல்லிப்போடுங்க.”

“காசையே பாக்காம எப்படிங்க சொல்றது?”

அவர் படியில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். மகன்கள் நிலத்தைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். பல்பரையும் பிரித்தார்கள். பெரியவனுக்கு உருளை, சின்னவனுக்கு ஸ்டாண்டு. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. உருளையைக் கழற்றும்போது உள்ளேயிருந்து பழைய பெரிய ஒரு ரூபாய் விழுந்திருக்கிறது. ஒரு பக்கம் எழுத்து அப்படியே இருக்க, சிங்கம் இருக்க வேண்டிய பக்கம் மொழுக்கென்று இருந்திருக்கிறது. அந்த மெஷினில் அப்பன் உயிரோடு இருந்தவரை வேறு யாரையும் ஸ்பேனர் வைக்க விட்டதில்லை. அதனால் மகன்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

“இது லச்ச ரூவா போற காசு, இல்லீன்னா அப்பன் எதுக்கு மெஷினுக்குள்ள ஒளிச்சு வெக்கோணும்ங்கறானுங்க. அன்னைக்கிலிருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு இல்லீங்க. ஊட்டுக்கு நடுவுல தார்ப்பாயக் கட்டி மறைச்சுப்போட்டானுங்க. கார்த்திகையில அவங்கப்பனுக்குத் தெவசம் வருது. நான் இந்தப் பக்கம் கும்புடறேன், நீ அந்தப் பக்கம் கும்புடுங்கறானுங்க. செத்த மனுசன் எந்த எலைக்குன்னு வருவாருங்க?”

எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. ஊரே என்னை உண்டு என்று சொல்லச் சொல்கிறது, இவர் இல்லை என்று சொல்லச் சொல்கிறார். உள்ளதைத்தான் சொல்வேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் பஸ் ஏறிப் போன பிறகுதான் பயம் வந்தது. ஒரு பக்கம் மட்டும் அச்சான காசு நிஜமாகவே உண்டு. அச்சுக்கு இடையில் இரண்டு வெறும் உலோக வில்லைகள் ஒன்றாக மாட்டிக்கொண்டால் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும்தான் பதியும். அப்படிப்பட்ட ஒன்றாக இது இருந்துவிட்டால் அந்த வீட்டில் தார்ப்பாய் போய்ச் சுவரே வந்துவிடும். கையில் வரப்போகும் காசு சொத்தையாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் பெரியவன் வந்தான். அவன்மேல் நம்பிக்கையில்லாமல் சின்னவன் பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்து வாசலுக்கு வெளியே நின்றுகொண்டான்.

முதலில் தராசில் வைத்தேன். நாணயச் சாலையின் பிசகாக இருந்தால் படம்தான் இருக்காது, எடை முழுசாக இருக்கும். இது குறைந்தது. டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். மொழுக்கென்ற பக்கத்தில் ஒரு சிங்கத்தின் காதும் சில எழுத்துகளின் கால்களும் நிழல் போலத் தெரிந்தன. பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. ஓரத்தில் இரும்புத் துரு ஒட்டியிருந்தது. அதற்குமேல் எனக்குச் சந்தேகம் இல்லை. பல்பரில் உருளைக்கும் தகட்டுக்கும் இடைவெளி குறைந்தால் கொட்டை கடிபட்டுப் போகும். எஸ்டேட்டில் தகரத் துண்டைச் சொருகிச் சரிசெய்வார்கள். இந்த மனிதர் ஒரு ரூபாயைச் சொருகியிருக்கிறார். இரும்பு உரசிய பக்கம் தேய்ந்துவிட்டது. தகட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர்ப் பட்டையில் பதிந்திருந்த பக்கம் தப்பித்துக்கொண்டது.

“இது காயம்பட்ட காசுதான், கண்ணு. உங்கப்பன் ஒளிச்சு வெக்கல. கொட்டை கடிபடாம இருக்கறதுக்கு முட்டுக் குடுத்திருக்காரு.”

பெரியவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “எங்கம்மா நேத்து வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போச்சுங்களா?”

வாசலில் நின்ற சின்னவன் உள்ளே வந்துவிட்டான். “அண்ணா, இவரு பேச்ச நம்பாத. ஒண்ணுமில்லீன்னு சொல்லி அமுக்கப் பாக்கறாரு.”

“எனக்குந் தெரியுதுடா. சேலத்துல காட்டிக்கலாம், வா.”

“உன்ற வண்டி மலையெறங்காது. என்ற வண்டில ஏறு.”

இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறிக் கொண்டை ஊசி வளைவுப் பக்கம் போனார்கள். மாதக்கணக்காகப் பேசாதவர்கள், என்னைத் திருடன் என்று சொல்வதற்காக வாயைத் திறந்தார்கள். எனக்கு அது சுருக்கென்று பட்டது, பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடத்தில் அடுத்தவர் காசு ஒன்றுகூட என் பெட்டியில் தங்கியதில்லை. பெரியவனுடைய வண்டி வேலியோரத்தில் சாயங்காலம்வரை நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு, ஆறிப்போன காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவர்களின் முகங்களைப் பார்த்ததுமே சேலத்திலும் அதே பதில்தான் என்று தெரிந்தது. என் பக்கம் திரும்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தை பிறந்த பிறகு அந்த அம்மா ஒரு பையில் கொஞ்சம் காப்பிக் கொட்டையோடு வந்தார். தெவசம் எப்படி நடந்தது என்று கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரே சொன்னார்.

“ஒரே எலைதானுங்க போட்டோம். பசங்க ரெண்டு பேரும் உங்கள இன்னும் வஞ்சுக்கிட்டுத்தான் இருக்கறானுங்க.”

“வையட்டுங்க. அந்தக் காசு யாருகிட்ட இருக்குதுங்க?”

“பழம் நொம்பப் பழுத்துப்போச்சுன்னு மெஷின மறுக்கா பூட்டுனானுங்க. ஓட்டுனா கொட்டையெல்லாம் கடிபட்டு வந்துதுங்க. நாந்தான் அந்தக் காச எடுத்து இருந்த எடத்துலயே சொருகச் சொன்னேன். இப்பப் பெரியவன் சுத்தறான், சின்னவன் பழங் கொட்டறான். ஒரு கொட்டை கடிபடறதில்லீங்க.”

பையிலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தேன். எல்லாம் முழுசாக இருந்தன. நாணயத்தைப் பார்க்கும் பழக்கத்தில் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தவன், ஞாபகம் வந்து கேட்டேன்.

“நடுவூட்டுல கட்டுன தார்ப்பாய் என்னாச்சுங்க?”

“அதுலதானுங்க காப்பி காயுது.”