ஏழாவது வருடப் பரிசோதனைக்கு அக்காவோடு ஹைதராபாத்

வருடத்துக்கு ஒரு தடவை, பொங்கல் முடிந்த கையோடு நானும் என் அக்கா செண்பகமும் ஹைதராபாத் போவோம். சார்மினாரோ பிரியாணியோ காரணமில்லை. 2006 பிப்ரவரியில் அந்த ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில்தான் அக்காவின் இடது சிறுநீரகத்தை எடுத்து எனக்கு வைத்தார்கள். நான் பிறகு வேலை மாறி சென்னைக்கு வந்துவிட்டாலும், வருடாந்திரப் பரிசோதனையை மட்டும் அதே டாக்டரிடம் வைத்திருக்கிறேன். அக்காவுக்கும் அன்றே பார்த்துவிடுவார்கள்.

2013இல் மட்டும் பொங்கலுக்கு முன்பே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. டிசம்பர் கடைசியில் சென்னையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.8 என்று வந்திருந்தது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லும் எண் அது. எனக்கு ஏழு வருடமாக 1.2ஐத் தாண்டியதில்லை. போதாததற்குச் சில வாரமாகக் கை நடுக்கம் வேறு. கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் இரண்டு விழுந்தது. டாக்டருக்கு போன் செய்தேன். "உடனே வாருங்கள்" என்றார். உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கிவிட்டதோ என்ற பயம். 

ஜனவரி 6, ஞாயிறு. சென்ட்ரலில் மாலை ஆறு பத்துக்கு ரயில். செகந்திராபாத்துக்கு ஏறக்குறைய 780 கிலோமீட்டர், பதின்மூன்றரை மணி நேரம். ஏசி மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். தூசியும் கூட்டமும் குறைவு. கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் ஐந்து லிட்டர், வீட்டு இட்லி, முகமூடி, ஒரு வாரப் பயணத்துக்குப் பத்து நாள் மாத்திரை. மாத்திரைப் பை எப்போதும் என் தோளில்தான். பெட்டிக்குள் வைத்தால் பெட்டியோடு போய்விடும்.

அக்காவின் பையில் நாலு பம்பளிமாஸ். தாம்பரத்தில் அவள் வீட்டு மரம் அந்த வருடம்தான் கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தது. ரெண்டு மாதமாக வாரம் தவறாமல் எனக்குக் கொண்டுவந்து தந்துகொண்டிருந்தாள். சூலூர்ப்பேட்டை தாண்டியதும் ஒன்றை உரித்து, சுளையின் மேல்தோலை நீக்கி என் கையில் வைத்தாள்.

"தின்னுல. ஒடம்புக்குக் குளிர்ச்சி" என்றாள். எங்களுக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. தாம்பரத்தில் இருபது வருடம் இருந்தும் அக்கா பேச்சு மாறவில்லை.

காலை ஏழே முக்காலுக்கு செகந்திராபாத். அங்கிருந்து திருமுல்கேரி ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் "அஸ்ஸி ருப்பே, சாப்" என்றார், எண்பது ரூபாயாம். அக்கா தமிழிலேயே "மீட்டர் போடச் சொல்லு" என்றாள். அவருக்கு மீட்டர் மட்டும் புரிந்தது. சிரித்துக்கொண்டே போட்டார். எழுபத்திரண்டு ஆனது. எண்பதே கொடுத்துவிட்டேன்.

திருமுல்கேரியில் நாங்கள் தங்குவது ரோஸ்லின் ஆன்ட்டி வீட்டு மாடி அறையில். ஆன்ட்டி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிற தமிழ்க் குடும்பம். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் நான் கிடந்தது அந்த அறையில்தான். அப்போது யாராவது என்னைப் பார்க்க வந்தால் ஆன்ட்டி வாசலிலேயே மறித்து, "நக்கோ பா, விசிட்டர்ஸ் நக்கோ, ஜன்னல்லே பாத்துட்டுப் போ" என்பார். நக்கோ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம். நண்பர்கள் கீழே தெருவில் நின்று கையாட்டுவார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் ஆட்டுவேன். இந்த முறையும் அதே கம்பி, அதே பச்சைப் பெயின்ட். பையைக்கூட இறக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

செவ்வாய் காலை ரத்தம் கொடுத்தோம். சாயங்காலம் டாக்டர் அறை. கிரியாட்டினின் 1.9. நிராகரிப்பைத் தடுக்க நான் சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. டாக்டர் தெலுங்குக்காரர், சென்னையில் படித்தவர் என்பதால் தமிழ் வரும்.

"மாத்திரை கூட எடுத்தீங்களா? வேற மருந்து? நாட்டு மருந்து, கஷாயம்?"

இல்லை, இல்லை என்று தலையாட்டினேன்.

"சாப்பாட்டுல புதுசா ஏதாவது?"

நான் யோசிப்பதற்குள் அக்கா பெருமையாகச் சொன்னாள்: "எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான் டாக்டர். பழம்கூட வெளிய வாங்குததில்ல. எங்க மரத்துப் பம்பளிமாஸ்தான் ரெண்டு மாசமா உரிச்சுக் குடுக்கேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்து, தெலுங்குப் பெயரைச் சொல்லிக் கேட்டார். "பம்பர பனசாவா? பெருசா, தோல் தடிமனா?"

"ஆமா."

அந்தப் பழம் இந்த மருந்தை உடம்பு கரைத்து வெளியேற்றுவதைத் தடுத்துவிடும், மருந்து ரத்தத்தில் தேங்கி சிறுநீரகத்தையே தாக்கும், கை நடுக்கமும் அதனால்தான் என்று பொறுமையாக விளக்கினார். 2006இல் கொடுத்த பட்டியலில் கிரேப்ஃப்ரூட் என்று இருக்குமே, அதற்கு நெருங்கிய சொந்தம் இது என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பட்டியல் நினைவிருந்தது. கிரேப் என்றால் திராட்சை என்று நினைத்து ஏழு வருடமாகத் திராட்சையைத் தொடாமல் இருந்தவன் நான்! ஹைதராபாத் திராட்சைக்குப் பேர்போன ஊர். உப்பல் பக்கம் தோட்டமே இருந்தது. வண்டி வண்டியாக விற்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன். சொன்னதும் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மாத்திரை அளவைக் குறைத்து எழுதினார். "சனிக்கிழமை மறுபடி பார்ப்போம். குறையலைன்னா ஊசி போட்டுத் துணுக்கு எடுத்து பயாப்ஸி பண்ணணும்."

அக்கா சிரிக்கவில்லை. திரும்பி வந்ததும் மிச்சமிருந்த பழங்களை ஆன்ட்டி வீட்டுக் குப்பைத்தொட்டியில் போட்டாள். சாப்பிட வரச் சொன்னால் பசிக்கவில்லை என்றாள். ஆன்ட்டி மேலே வந்து, "கைக்கு இப்படி உக்காந்திருக்கே? தெரிஞ்சா செஞ்சே?" என்று அதட்டியும் பார்த்தார். அந்த ஊரில் கைக்கு என்றால் ஏன்.

"குடுத்ததும் நான். கெடுக்கப் பாத்ததும் நானா ஆன்ட்டி?" என்றாள் அக்கா.

"லிஸ்ட்டத் தப்பாப் படிச்சது நான்க்கா" என்றேன். அவள் காதில் ஏறவில்லை.

புதனும் அப்படியே போயிற்று. வியாழக்கிழமை, "வா, நான் படிச்ச இடத்தக் காட்டுதேன்" என்று வற்புறுத்தி அமீர்பேட்டுக்குக் கூட்டிப் போனேன். திருமுல்கேரியிலிருந்து பதினோரு கிலோமீட்டர். 1999இல் ஜாவா படிக்க வந்து இறங்கிய இடம். அன்றைக்கு ஒவ்வொரு மாடிச் சுவரையும் பயிற்சி நிலையப் போர்டுகள் மறைத்திருக்கும். போர்டு மேலே போர்டு. அமெரிக்கா போகிறவன் தன் தலையணையை அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டுப் போவான். இப்போதும் போர்டுகள் இருந்தன, பாடங்களின் பெயர்தான் மாறியிருந்தது. எங்கள் ஹாஸ்டல் கீழ்த்தளத்தில் மொபைல் கடை. மேலே கொடியில் அதே மாதிரி ஜீன்ஸ்கள் காய்ந்தன.

"இந்த ரூம்லயா ஆறு பேரு கெடந்தீங்க?" அக்கா அண்ணாந்து பார்த்தாள். இரண்டு நாளில் அவள் கேட்ட முதல் கேள்வி.

"ஆறு பேரு, ஒரு ஃபேன்."

முனையில் தள்ளுவண்டியில் அவளுக்கு மட்டும் இட்லி வாங்கிக் கொடுத்தேன். எனக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. பாதித் தட்டில் திடீரென்று, "ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ல" என்றாள்.

"சொல்லு."

"ஆபரேஷனுக்கு முந்துன நாளு, கோயிலுக்குப் போறேன்னு போனம்லா. கோயிலுக்குப் போகல. பையத் தூக்கிட்டு பஸ் ஸ்டாப்ல போயி நின்னேன். ஊருக்குப் போயிரலாம்னு."

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினேன்.

"அரை மணி நேரம் நின்னேன். ஸ்டேஷன் பஸ்ஸே வரல. வேர்த்து ஊத்திச்சு. திரும்பி வந்துட்டேன்."

"வந்திருந்தா ஏறியிருப்பியாக்கா?"

"தெரியலல." சட்னியை வழித்துக்கொண்டே சொன்னாள். "இன்னைக்கும் தெரியல."

எத்தனையோ பேர் என்னிடம், உன் அக்கா தெய்வம் என்று சொல்லியிருக்கிறார்கள். பையோடு பஸ் ஸ்டாப்பில் நின்ற அக்காவை அன்றுதான் பார்த்தேன். அதற்கு முன் இருந்ததைவிட அவள்மேல் எனக்குப் பிரியம் கூடிப்போனது. அவளும் அன்று இன்னொரு தட்டு இட்லி சாப்பிட்டாள். வரும் வழியில் டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டுவிட்டு, அரைக் கிலோ திராட்சை வாங்கி, ஆன்ட்டி வீட்டில் கொதித்து ஆறிய தண்ணீரில் மூன்று தரம் கழுவித் தந்தாள். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் திராட்சை. புளித்தது. விடாமல் தின்றேன்.

சனிக்கிழமை 1.5. மருந்தின் அளவும் இறங்கியிருந்தது. பயாப்ஸி வேண்டாம் என்றார் டாக்டர். அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். நாங்கள் எழுந்திருக்கும்போது அவர், "உட்காருங்க, உங்களோடது இன்னும் முடியல" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். ரத்த அழுத்தம் செவ்வாயன்று 156க்கு 96. படி ஏறி வந்ததால் என்று நர்ஸிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறாள். இப்போது உட்கார வைத்து இரண்டு தடவை எடுத்தும் அதே அளவு. ஆறு மாதமாகக் காலையில் தலைவலி என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

"ஒரு சிறுநீரகத்தோட நல்லா வாழலாம்மா. பிரஷரை மட்டும் ஏறவே விடக்கூடாது" என்று சொல்லி, உப்பைக் குறைக்கச் சொல்லி, தினமும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஏழு வருடமாக அக்காவின் ரிப்போர்ட்டை நான் உறையிலிருந்து எடுத்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் காகிதத்தைப் படித்து நிம்மதியானதும் இரண்டையும் சேர்த்து ஃபைலில் வைத்துவிடுவேன்.

இதே போலப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மருந்தின் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கும் காலையில் மாத்திரையை விழுங்காமல் கையில் கொண்டுபோங்கள், கொடுத்த பிறகு போடுங்கள். புதிதாக எதைச் சாப்பிட்டாலும், பழமானாலும் கஷாயமானாலும், டாக்டரிடம் கேளுங்கள். பட்டியலில் புரியாத பெயர் இருந்தால் படம் காட்டச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத் தூரத்துக்குள் சமையல் வசதியோடு தங்குங்கள். திரும்பும் டிக்கெட்டைக் கறாராகப் போடாமல் இரண்டு நாள் இடைவெளி விடுங்கள். சிறுநீரகம் கொடுத்தவரையும் வருடா வருடம் கூட்டிப் போங்கள். அவருடைய ரிப்போர்ட்டை முதலில் படியுங்கள்.

சனிக்கிழமை மாலையே ஏழு மணி ரயிலில் கிளம்பினோம். ஞாயிறு காலை எட்டு மணிக்கு வண்டி வழக்கம்போல பேசின் பிரிட்ஜில் நின்றுவிட்டது. போகி நாள், வெளியே ஊரெல்லாம் புகை. நான் என் மாத்திரைகளைப் பிரித்து வைத்துவிட்டு, அக்காவின் புது அட்டையைக் கிழித்து ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீ மொதல்ல முழுங்கு" என்றாள்.

"இல்ல, நீ முழுங்கு. நான் பாக்கணும்."

அக்கா மாத்திரையைப் போட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, சின்னப் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள்.