மேசையில் ஒரு வெள்ளை வட்டம்

ஒஸ்லோவின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நிலக்கீழ்த் தளத்தில், பதினாறு வருடங்களாகச் சத்திரசிகிச்சைக் கத்தரிக்கோல்களைக் கழுவிப் பொதி செய்கிறாள் இந்திராதேவி. ஒவ்வொன்றிலும் உலோகத்தில் வெட்டிய இலக்கம் இருக்கும். பூதக்கண்ணாடியின் கீழே வைத்து வாசித்து, கணினியில் ஒத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைப்பாள்.

"கடவுள் வந்து நிண்டாலும் இலக்கம் கேப்பியள் அக்கா" என்பாள் பக்கத்து மேசை ஆரணி.

"அவர் எந்தக் கடவுள் எண்டு தெரிய வேணுமே."

அப்படிப்பட்டவள்தான் போன ஓகஸ்ட் மாதம் ஏமாந்தாள்.

அவள் கணவன் தனஞ்சயன் பஸ் ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடம் அந்த நகரத்தின் வீதிகளில் பேசாமல் ஓடியவன். மூன்று வருடத்துக்கு முன் கூட வேலை செய்யும் ஒருவர் அவனைத் தன் வேட்டைக் குழுவில் சேர்த்துவிட்டார். குதிரை உயரத்து எல்க் மானுக்காகக் காட்டில் காத்திருந்து, நெருப்பு மூட்டிக் கோப்பி குடித்து, அவனைத் 'தனா' என்று கூப்பிடுகிற ஒன்பது பேர். காட்டிலிருந்து திரும்பி வந்தபோது அவன் முகத்தில் கண்ட வெளிச்சத்தைத் தன் கல்யாணப் படத்தில்கூட அவள் கண்டதில்லை.

ஆனால் போன வருடம், துவக்கின் மேலே பூட்டிக் குறி பார்க்கிற அவனுடைய பழைய தொலைநோக்கிக்குள் பனிப்புகார் படிந்து கண்ணாடி மங்கிவிட்டது. எல்க் அவன் முன்னால் ஆறுதலாக நடந்து போனது. அவனால் வெடி வைக்க முடியவில்லை. குழுத் தலைவர் நல்ல மனிதர், ஆனாலும் சொல்லிவிட்டார்: ஒழுங்கான தொலைநோக்கி பூட்டி, இந்த வருடச் சுடும் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் குழுவில் இடம். நூறு மீற்றர் தூரம், ஐந்து வெடி, ஐந்தும் சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்துக்குள் விழ வேண்டும். கடைசிப் பரீட்சை செப்ரெம்பர் நடுவில்.

பிள்ளைகளின் செலவைச் சொல்லி அவன் வாங்காமல் தள்ளிப்போட்டான். அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தானே வாங்கிக் கொடுப்பதென்று இந்திராதேவி தீர்மானித்தாள். அவனுக்குத் தெரியக்கூடாது.

பாவித்த சாமான்கள் விற்கும் இணையத்தளம் ஒன்றில் பெயர்பெற்ற ஐரோப்பியக் கம்பெனியின் தொலைநோக்கி கிடந்தது. கடை விலையில் மூன்றிலொன்று. விற்பவர் பெயர் ஓட்வார். மூன்று படங்களில் இரண்டு கம்பெனியின் விளம்பரப் படங்கள். ஒன்று மட்டும் வீட்டில் எடுத்தது, மண்ணிற மேசையொன்றின் மேல். இந்திராதேவிக்கு உடனே சந்தேகம் தட்டிவிட்டது. "இலக்கத்தைக் கிட்டவாகப் படம் எடுங்கள். பக்கத்தில் இன்றைய திகதியைக் கடுதாசியில் எழுதி வையுங்கள்" என்று நொர்வேஜிய மொழியில் எழுதினாள். கீழே தன் முழுப் பெயரையும் போட்டாள். இன்னும் மூன்று பேர் கேட்கிறார்கள், உடனே காசு அனுப்பினால் உங்களுக்கு என்று பதில் வந்தது. அவள் அனுப்பவில்லை. அந்த விளம்பரத்தைப் படம் பிடித்து ஆரணிக்குக் காட்டினாள்.

"பாத்தியா, கள்ளச் சாமான் இப்பிடித்தான் அவசரப்படும்."

மூன்றாம் நாள் வேறொரு விளம்பரம் வந்தது. அதே மாதிரித் தொலைநோக்கி. விற்பவர் அருளானந்தன், ஸ்தவாங்கர் நகரம். அந்தப் பெயரைக் கண்டதும் அவள் படங்களைச் சரியாகப் பார்க்கவேயில்லை. வீட்டுக்குக் கீழே உடுப்புத் தோய்க்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தாள்.

"நீங்க எந்தப் பக்கம், அண்ணன்?"

"மட்டக்களப்புத்தான் தங்கச்சி."

"நாங்களும் மட்டக்களப்பு. களுவாஞ்சிக்குடி. நீங்க எவடம்?"

"அட, அதுக்குக் கிட்டத்தான்."

"கிட்ட எண்டா, குருக்கள்மடமா?"

"ஓம் ஓம், குருக்கள்மடம்."

"என்ர பெரியப்பா அங்கதானே படிப்பிச்சவர். தம்பிராசா மாஸ்டர்."

"அட, தம்பிராசா மாஸ்டரா? அவர்ர பிரம்படிய மறக்க ஏலுமா தங்கச்சி."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அரை மணித்தியாலம் ஊர்க் கதை. பில் இருக்கிறதா, இலக்கம் என்ன என்று கேட்க வாயெடுத்தவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். தங்கச்சி, தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிடுகிற மனிதரிடம் பில் கேட்பதா? முகத்தில் அடித்த மாதிரி இருக்காதா? ஒரு வெள்ளைக்காரனிடம் கூசாமல் கேட்டதை ஊர்க்காரனிடம் கேட்க அவளுக்கு நா எழவில்லை. அன்றே காசை அனுப்பினாள். "கிடைச்சதும் சொல்லுங்க தங்கச்சி" என்று அவர் இரண்டு தரம் அழைத்தும் கதைத்தார்.

கீழே இறங்கி வந்த நேரம், உடுப்பு அறையிலிருந்து மனைவியின் மெல்லிய குரலையும் 'அண்ணன்' என்ற சொல்லையும் தனஞ்சயன் கேட்டிருந்தான். அவளுக்குக் கூடப் பிறந்த அண்ணன் யாரும் இல்லை. சாப்பிடும்போது அவளுடைய தொலைபேசியைப் பார்த்தபடியே சோற்றைப் பிசைந்தான்.

பார்சல் வேலைத்தள முகவரிக்கு வந்தது. பெட்டியைத் திறந்து கையில் எடுத்ததுமே அவள் விரல்களுக்குப் பிடிக்கவில்லை. பூதக்கண்ணாடியின் கீழே வைத்தாள். இலக்கம் உலோகத்தில் வெட்டப்படவில்லை, மேலே பூசியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒருதரம் துடைத்தாள். பஞ்சில் வெள்ளைப் பூச்சு ஒட்டிக்கொள்ள, கடைசி இரண்டு எண்களும் காணாமல் போயின.

"அக்கா" என்றாள் ஆரணி. பஞ்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

வேலை முடிந்து, அந்தக் கம்பெனியின் சாமான்களை முறைப்படி விற்கும் கடைக்குப் போனாள். கடைக்காரர் மிச்ச எண்களையும் பெட்டியிலிருந்த இலக்கத்தையும் பார்த்தார். இதே இலக்கத்தோடு வந்த நான்காவது ஆள் நீங்கள் என்றார். "இதைப் பூட்டிச் சுட்டால் முதல் வெடி சரியாகப் போகும். அந்த அதிர்வில் உள்ளே கண்ணாடி அசையும். பிறகு எங்கே போகுமென்று எனக்கும் தெரியாது, மானுக்கும் தெரியாது."

பஸ்ஸில் இருந்துகொண்டு இரண்டு விளம்பரங்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஓட்வாரின் மண்ணிற மேசையில், சூடான கோப்பை வைத்த வெள்ளை வட்டம் ஒன்று, ஒரு பக்கம் உடைந்து. அருளானந்தனின் மேசையிலும் அதே வட்டம், அதே உடைவு. இரண்டு பெயரும் ஒரே ஆள். ஓட்வாருக்கு முழுப் பெயரை எழுதி, தான் தமிழ் என்று காட்டிக் கொடுத்தது அவள்தான். வாய் திறந்ததுமே அவள் பேச்சு மட்டக்களப்பு என்று சொல்லியிருக்கும். களுவாஞ்சிக்குடி என்றதும் அவள்தான், குருக்கள்மடம் என்றதும் அவள்தான். அந்த ஆள் சொன்னதெல்லாம் ஓம் மட்டுந்தான். தானாகச் சொன்னது ஒன்றே ஒன்று, பிரம்படி. தம்பிராசா மாஸ்டர் ஒரு பிள்ளையின் மேலும் பிரம்பு வைக்காத மனிதர். அது தெரிந்தும் அன்று சிரித்தாளே.

வீட்டுக்கு வந்து நேரே உடுப்பு அறைக்குப் போனாள். இந்தமுறை கதவைச் சாத்த மறந்துவிட்டாள்.

"பில்லை அனுப்புங்க அண்ணன்."

"என்ன தங்கச்சி, என்னை நம்பல்லயா?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் அன்று வாயை மூடியிருந்தாள். இன்று அவள் நிறுத்தவில்லை.

"ஓம், நம்பல்ல. உங்கட மேசையில கோப்பை வெச்ச வட்டம் ஒண்டு கிடக்கு. ஓட்வார்ர மேசையிலயும் கிடக்கு. ரெண்டு படமும் பொலிசுக்குப் போகுது."

மறுமுனையில் அழைப்பைத் துண்டித்துவிட்டான்.

திரும்பினாள். வாசலில் தனஞ்சயன். சலவை இயந்திரத்தின் மேலிருந்த பெட்டியையும் அதற்குள் கிடந்த தொலைநோக்கியையும் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு கிழமையா அந்த அண்ணன் ஆரெண்டு யோசிச்சுச் சாகிறன் புள்ள."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா, நம்பல்லயா எண்டு நீ கேப்பாய்."

அவள் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

பரீட்சைக்கு ஆறு நாள் இருந்தது. ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் ஒரு விதவை, இறந்துபோன கணவனின் தொலைநோக்கியை விற்கிறாள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். இருவரும் போனார்கள். அவளுடைய குசினியில், சமையல் மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு இந்திராதேவி பில் கேட்டாள், இலக்கத்தைத் தடவிப் பார்த்தாள், கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்தும் சரிபார்த்தாள். கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. அந்தப் பெண்ணோ கோப்பி ஊற்றிக்கொண்டே, "நன்றாகப் பாருங்கள். அவர் இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் பார்ப்பார்" என்றாள்.

பரீட்சை நாளன்று இந்திராதேவி மைதானத்துக்குப் போகவில்லை. வீட்டு யன்னலில் நின்றாள். பின்னேரம் கார் வந்து நின்றது. அவன் இறங்கி, அண்ணாந்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான். முகத்தில் அந்த வெளிச்சம்.

மேலே வந்ததும் அவள் கையை நீட்டினாள்.

"என்ன?"

"சேட்டிபிக்கற்."

"நம்பல்லயா?"

"தாங்க பாப்பம்."

அவன் மடித்து வைத்திருந்த கடுதாசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். பெயர், திகதி, ஐந்து வெடி, சித்தி. யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவனைக் கட்டிக்கொண்டாள்.